குற்றவாளிக் கூண்டில் கட்டடங்கள்: நகரத் திட்டமிடலில் இடிப்பின் இடம்

1986 பெப்ரவரி 18ஆம் திகதி, பாரிசின் வடக்குப் புறநகரான லாகூர்நேவில் 'தெபுசி' என்னும் நீண்ட தொடர்மாடிக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 'நாலாயிரம்' எனப் பெயர்பெற்ற பெருங்குடியிருப்பின் ஒரு பகுதி அது. ஏறக்குறைய நாலாயிரம் வீடுகளைக் கொண்டிருந்ததால் அப்பெயர். கட்டி முடித்துக் கால் நூற்றாண்டு கூட ஆகியிருக்கவில்லை. பின்னர் 2000இல் 'ரெனுவார்', 2004இல் 'ரவேல்', 'பிரெசோவ்', 2011இல் 'பல்சாக்' என அதே குடியிருப்பின் ஏனைய கட்டடங்களும் ஒவ்வொன்றாக வீழ்த்தப்பட்டன.

எம்மவர்களில் கணிசமானோர் இந்த வடக்குப் புறநகர்களிலேயே வாழ்கின்றனர். 'அந்தக் காவாலிகளின் கோட்டைகள் போனது நல்லதுதான்' என்பது எமது கடைகளிலும் கலைவிழாக்களிலும் சாதாரணமாகக் கேட்கக் கூடிய அபிப்பிராயம். இடதுசாரிகள் என்று தம்மைக் கூறிக்கொள்வோரும் இதில் அதிகம் வேறுபடுவதில்லை. 'இவை மனிதர் வாழத் தகுதியற்ற கொங்கிறீற் பெட்டிகள், இடிப்பதே விடுதலை' என்று அவர்கள் கூறுவார்கள். இரு சாராரும் ஒரு விடயத்தில் உடன்படுகிறார்கள்: குற்றவாளி கட்டடம்தான். இந்த உடன்பாட்டைக் கேள்விக்குட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டடக்கலை பற்றிய நூல்கள் பெரும்பாலும் கட்டுவதைப் பற்றியே பேசுகின்றன. இடிப்பது ஒப்பந்தகாரரின் வேலை, அதில் ஆராய என்ன இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஏற்கெனவே மக்கள் வாழும் ஒரு நகரில் புதிதாக எதையாவது திட்டமிடுவது என்பது, அங்கு இருக்கும் எதை அகற்றுவது என்று முடிவு செய்வதுதான். எது இடிக்கப்படுகிறது, அங்கிருந்தோர் எங்கே போகிறார்கள், வெறுமையாகும் நிலம் யாருக்குக் கிடைக்கிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலில்தான் ஒரு நகரத் திட்டத்தின் உண்மையான அரசியல் தெரியவரும்.

ஓஸ்மானின் பாரிஸ்

இடிப்பை ஒரு முழுமையான நகரத் திட்டமாக முதன்முதலில் நடத்திக் காட்டிய நகரங்களில் பாரிஸ் முக்கியமானது. மூன்றாம் நெப்போலியனின் கீழ் 1853 தொடக்கம் 1870 வரை சேன் மாவட்ட ஆளுநராக இருந்த ஓஸ்மானின் காலத்தில் ஏறக்குறைய 20,000 வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றிலும் கூடிய எண்ணிக்கையில் புதிய வீடுகள் எழுந்தன. இதற்குக் கூறப்பட்ட காரணங்கள் பொய்யானவையல்ல. 1832ஆம் ஆண்டுக் கொலராவில் மட்டும் பாரிசில் 18,000 பேரளவில் இறந்தனர். ஒடுங்கிய தெருக்கள், கழிவுநீர் ஓடும் முற்றங்கள், ஒரே அறையில் பல குடும்பங்கள் என்பதே நகர மையத்தின் நிலை. பாதாளக் கழிவுநீர்க் கால்வாய்களும் நல்ல குடிநீரும் ஓஸ்மான் காலத்தின் மறுக்க முடியாத சாதனைகள். கிளர்ச்சிக்காரர் இலகுவில் தடையரண் எழுப்பிய தெருக்களை அகன்ற வீதிகளால் பிளப்பதும் நோக்கங்களில் ஒன்றாயிருந்தது என்பதும் அறிந்ததே.

இங்கு கவனிக்க வேண்டியது அதன் பொருளாதாரப் பொறிமுறை. 1852ஆம் ஆண்டு ஆணையொன்று, வீதிக்குத் தேவையான நிலத்தை மட்டுமன்றி அதன் இரு மருங்கிலும் உள்ள நிலத்தையும் சுவீகரிக்க நிர்வாகத்துக்கு வாய்ப்பளித்தது. வீதி வந்ததும் மருங்கு நிலத்தின் விலை பன்மடங்காகும். அதை விற்று இடிப்புச் செலவை ஈடுசெய்யலாம் என்பதே கணக்கு. 1858இல் வந்த சட்ட மாற்றங்கள் எஞ்சிய நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே திருப்பிக் கொடுக்க வைத்தன. அதாவது செலவு நகரத்துக்கு, இலாபம் நில உரிமையாளருக்கு என்றாயிற்று. அங்கு வாடகைக்கு இருந்தோர் இக்கணக்கின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்கள் கிழக்கே பெல்வில் போன்ற மேடுகளுக்கும், 1860இல் விரிவாக்கப்பட்ட நகர எல்லைக்கு அப்பாலும் தள்ளப்பட்டனர்.

1872இல் எழுதிய 'குடியிருப்புப் பிரச்சினை'யில் ஏங்கெல்ஸ் 'ஓஸ்மான்' என்பதை ஒரு முறையின் பெயராகவே கையாண்டார். முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அதை வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறது. சேரி இங்கே மறைந்து அங்கே முளைக்கிறது என்பது அவரது வாதத்தின் சாரம். பாரிசைப் பொறுத்தவரை அந்த 'அங்கே' எது என்பதைத் தேடிக்கொண்டு போனால் நாம் லாகூர்நேவுக்கே வந்து சேர்வோம்.

வெற்றுத்தாள் என்னும் கனவு

1925இல் லு கோர்புசியே பாரிசுக்கெனக் காட்சிக்கு வைத்த 'வுவாசான் திட்டம்' சேன் நதியின் வலதுகரையில் நகர மையத்தின் பெரும்பகுதியைத் துடைத்தெறிந்து, சிலுவை வடிவிலான 18 வானுயர்ந்த கோபுரங்களை நிறுத்த விரும்பியது. அது நிறைவேறவில்லை. ஆயினும் பழையதை அகற்றினால்தான் காற்றும் வெளிச்சமும் சமத்துவமும் வரும் என்ற அதன் தர்க்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரச கொள்கையாக மாறியது. அன்று பிரான்சில் நிலவிய வீட்டுப் பஞ்சம் கடுமையானது. நகர விளிம்புகளில் தகரக் கொட்டில்கள் பெருகியிருந்தன. அந்நிலையில் பெருங்குடியிருப்புகள் மிக விரைவாகவும் மலிவாகவும் எழுப்பப்பட்டன. பல இடங்களில் பாரந்தூக்கி ஓடும் தண்டவாளத்தின் நேர்கோடே கட்டடங்களின் நீளத்தையும் திசையையும் தீர்மானித்தது.

லாகூர்நேவின் 'நாலாயிரம்' பாரிஸ் மாநகரின் வீடமைப்பு அலுவலகத்தால், தனது எல்லைக்கு வெளியே, தனது தேவைக்காகக் கட்டப்பட்டது. பாரிசுக்குள் பழைய பகுதிகள் 'புனரமைக்கப்பட்ட' போது வெளியேற்றப்பட்டோரும், 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்ததும் அங்கிருந்து வந்தோரும் இங்கே குடியமர்த்தப்பட்டனர். ஓர் இடிப்பின் அகதிகளுக்காகக் கட்டப்பட்டது பின்னர் இன்னோர் இடிப்புக்கு இலக்காயிற்று. 1973இல் அரச சுற்றறிக்கை ஒன்று இத்தகைய பெருங்குடியிருப்புகளைக் கட்டுவதை நிறுத்தியது. அதே காலத்தில் சுற்றியிருந்த தொழிற்சாலைகள் மூடத் தொடங்கின. வசதி வந்தவர்கள் வெளியேறினர். போக்கிடமற்றோர் தங்கினர். பின்னர் வந்தோரில் நாமும் அடக்கம்.

நகர மையத்திலோ கதை வேறாக இருந்தது. 'லே ஹால்' மொத்தச் சந்தை 1969இல் ருஞ்சிசுக்கு மாற்றப்பட்டபின், கட்டடக் கலைஞர் பல்தார் அமைத்த இரும்பு மண்டபங்கள் 1971 முதல் எதிர்ப்பையும் மீறி இடிக்கப்பட்டன. ஒரேயொரு மண்டபம் நோழான்-சூர்-மார்னில் மீள நிறுவப்பட்டது. அந்த அதிர்ச்சியே இடிக்கப்பட இருந்த ஓர்சே புகையிரத நிலையம் காப்பாற்றப்படுவதற்கு உதவியது. 1986இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சந்தை இருந்த இடத்தில் 1979இல் திறக்கப்பட்ட வணிக வளாகத்தின் மேற்பகுதியும் பின்னர் இடிக்கப்பட்டு, 2016இல் புதிய கூரையொன்று வந்தது. கட்டடத்துக்குக் குரல் கொடுக்க எழுத்தாளரும் கலைஞரும் இருக்குமிடத்தில் இடிப்பு ஒரு பண்பாட்டு இழப்பாகிறது. புறநகரில் அதுவே ஒரு 'துப்புரவு'.

புரூயிற்-ஐகோ: யார் குற்றவாளி?

கட்டடத்தைக் குற்றவாளியாக்கும் வாதத்தின் மூலக்கதை அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் உள்ளது. பின்னாளில் நியூயோர்க்கின் உலக வர்த்தக மையத்தை வடிவமைத்த மினோரு யமசாக்கி அமைத்த 'புரூயிற்-ஐகோ' குடியிருப்பு 33 பதினொரு மாடிக் கட்டடங்களையும் 2,870 வீடுகளையும் கொண்டது. 1950களின் நடுப்பகுதியில் நிறைவுற்ற இது, 1972 தொடக்கம் 1976 வரையிலான காலத்தில் முற்றாக இடிக்கப்பட்டது. 1977இல் விமர்சகர் சார்ள்ஸ் ஜென்க்ஸ் இந்த இடிப்பை நவீனக் கட்டடக்கலையின் மரணம் என்று பிரகடனம் செய்தார். தகர்ப்பின் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. பின்நவீனத்துவம் பற்றி எமது சிற்றேடுகளில் எழுதியவர்களும் இந்த மரண அறிவித்தலை அப்படியே ஏற்றுக்கொண்டதுண்டு.

1991இல் கதரின் பிரிஸ்டல் எழுதிய கட்டுரை இதை ஒரு கட்டுக்கதை எனக் காட்டியது. கட்டுவதற்கான பணத்தை மத்திய அரசு தந்தது. ஆனால் பராமரிப்புச் செலவு முழுவதும் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே வரவேண்டும் என்பது விதி. சென் லூயிஸ் நகரின் மக்கள் தொகை 1950இல் 856,000 அளவில் இருந்து 1970இல் 622,000 அளவுக்கு வீழ்ந்தது. வெள்ளையர் புறநகர்களுக்குப் போயினர், வேலைகளும் போயின. வீடுகள் காலியாயின. காலியாக வாடகை குறைந்தது, வாடகை குறையப் பராமரிப்பு நின்றது, பராமரிப்பு நிற்க மேலும் வீடுகள் காலியாயின. குடும்பத்தில் உழைக்கக் கூடிய ஆண் இருந்தால் அரச உதவி கிடையாது என்ற விதி தந்தையரை வீட்டைவிட்டு விரட்டியது. 1969இல் குடியிருப்போர் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினர். குறித்த சில மாடிகளில் மட்டுமே நிற்கும் மின்தூக்கி முதலான வடிவமைப்புக் குறைகள் இருந்தன என்பது உண்மையே. ஆனால் அவை மட்டுமே ஒரு குடியிருப்பைக் கொன்றுவிடா. பெரும்பாலும் கறுப்பின ஏழைகளே எஞ்சியிருந்த அவ்விடத்தைக் கைவிட்ட கொள்கை தப்பித்துக் கொண்டது. கொங்கிறீற் தண்டனை பெற்றது. பல தசாப்தங்களாக அந்நிலத்தின் பெரும்பகுதி பற்றைக்காடாகவே கிடந்தது.

இடிப்பு எவ்வாறு தயாரிக்கப்படுகிறது

தொழில்நுட்ப ரீதியில் ஒரு தொடர்மாடியை இடிப்பது நீண்ட வேலை. முதலில் மின்சாரம், எரிவாயு, நீர் துண்டிக்கப்படும். பின்னர் அஸ்பெஸ்ரோஸ் அகற்றப்படும். கதவு, ஜன்னல், குழாய்கள் கழற்றப்படும். வெடிவைப்பதாயின் தாங்கும் சுவர்களில் துளையிட்டு வெடிமருந்து நிரப்பப்படும். சில செக்கன்களில் எல்லாம் முடிந்துவிடும். அண்டை வீடுகள் நெருக்கமாக உள்ள இடங்களில் நீண்ட கையுள்ள இயந்திரம் கொண்டு மேலிருந்து சிறிது சிறிதாகக் கடித்து இறக்குவார்கள்.

ஆனால் சமூக ரீதியான இடிப்பு இதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஆரம்பித்துவிடுகிறது. கட்டடம் ஒரே வயதுடைய ஒரு பொருளல்ல. நன்கு பேணப்பட்ட கொங்கிறீற் எலும்புக்கூடு நூறாண்டும் நிலைக்கும். மின்தூக்கியும் குழாய்களும் ஜன்னல்களும் அதற்குள் பலமுறை மாற்றப்பட வேண்டியவை. அவற்றை மாற்றும் செலவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தும் செலவு புதிதாகக் கட்டும் செலவை நெருங்கிவிடும். அப்போது இடிப்பு ஒரு 'நியாயமான' தெரிவாகத் தோன்றும். இடிக்கப் போவதாகப் பேச்சு எழுந்ததும் எஞ்சிய பராமரிப்பும் நிற்கும். காலியாகும் வீடுகள் மீள வாடகைக்கு விடப்படாமல் செங்கல்லால் அடைக்கப்படும். மாடிக்கு இரண்டு குடும்பம் மட்டுமே எஞ்சிய கட்டடத்தின் படிக்கட்டில் யார் வந்து அமர்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னர் அந்தக் காட்சியே இடிப்புக்குச் சான்றாகக் காட்டப்படும்.

ஒப்பந்தத்தில் பெயரில்லாதோர்

பிரான்சில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடிப்பைத் தேசிய வேலைத்திட்டமாக்கியது. ஐந்து ஆண்டுகளில் 200,000 வீடுகளை இடித்து அதேயளவு வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதன் ஆரம்ப இலக்கு. ஏழைகள் ஓரிடத்தில் குவிவதைத் தடுத்து 'சமூகக் கலப்பை' உண்டாக்குவது என்பதே சொல்லப்பட்ட நோக்கம். நடைமுறையில், புதிதாகக் கட்டப்பட்ட வீடுகள் இடம்பெயர்க்கப்பட்டோரில் சிறுபகுதியினருக்கே கிடைத்தன. பலர் அதே நகரசபை எல்லைக்குள் எஞ்சியிருந்த பழைய கட்டடங்களுக்கே மாற்றப்பட்டனர். நல்ல வீடு கிடைத்து நிம்மதியடைந்தோரும் உள்ளனர் என்பதை மறைக்கத் தேவையில்லை. பழைய அயலையும் கைமாற்று உதவிகளையும் இழந்து, கூடிய வாடகையும் மின்கட்டணமும் செலுத்துவோரும் உள்ளனர்.

எமது நிலையிலிருந்து பார்க்கும்போது இன்னொரு விடயம் முக்கியமானது. அரச மானிய வாடகை வீட்டிலிருந்து சட்டப்படியான வாடகையாளரை வெளியேற்றுவதாயின் மாற்று வீடு காட்ட வேண்டும். மூன்று இடங்கள் வரை காட்டப்பட வேண்டும். இந்த உரிமை ஒப்பந்தத்தில் பெயருள்ளவருக்கே உரியது. மச்சானின் வீட்டில் விறாந்தையில் படுத்திருப்பவர், ஊரவர் ஒருவரின் பெயரிலுள்ள வீட்டில் அறையொன்றுக்குக் காசு கொடுத்திருப்பவர், அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் ஆகியோர் கணக்கெடுப்பில் இல்லை. மூன்று அறை வீட்டில் ஏழு பேர் இருந்தால், காகிதத்தில் இருக்கும் நால்வருக்கே வீடு. எஞ்சிய மூவரும் எந்தப் புள்ளிவிபரத்திலும் சேராமலே தெருவுக்கு வருவர். 'நல்லதுதான்' என்று நாம் கூறும்போது இந்த மூவரையும் சேர்த்தே கூறுகிறோம்.

இடிக்காமல் மாற்றுதல்

மாற்று வழி கற்பனையல்ல. 2004இல் ஆன் லக்கத்தோன், ஜோன்-பிலிப் வசால், பிரெடெரிக் துருவோ ஆகிய கட்டடக் கலைஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டு, இடிப்பதை விடுத்து இருப்பதோடு சேர்ப்பதே எப்போதும் முறையானது என வாதிட்டனர். பாரிஸ் 17ஆம் வட்டாரத்தில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த புவா-லு-பிரெத்ர் கோபுரத்தில் அதைச் செய்து காட்டினர். பழைய வெளிச்சுவர்களை அகற்றி, கட்டடத்தைச் சுற்றிலும் கண்ணாடியால் மூடிய முன்கூடங்களையும் மாடிமுகப்புகளையும் இணைத்தனர். குடியிருப்போர் அங்கேயே இருக்க வேலை நடந்தது, 2011இல் நிறைவுற்றது. பின்னர் போர்தோவின் கிரான் பார்க்கில் மூன்று கட்டடங்களில் 530 வீடுகள் கிறிஸ்தோப் உய்த்தானும் இணைந்து இவ்வாறே விரிவாக்கப்பட்டன. அதற்கு 2019இல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ பரிசு கிடைத்தது. 2021இல் லக்கத்தோனும் வசாலும் பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றனர்.

சூழலியலும் இப்பக்கமே சாய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உருவாகும் கழிவில் மூன்றிலொன்றுக்கு மேல் கட்டுவதாலும் இடிப்பதாலும் வருகிறது. உலகின் கரியமிலவாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 வீதம் வரை சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது. நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தின் கொங்கிறீற்றுக்கான விலையை வளிமண்டலம் ஏற்கெனவே செலுத்திவிட்டது. புதியது எவ்வளவு 'பசுமை'யானதாக இருந்தாலும் அந்தக் கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இதன் பொருள் எதையும் இடிக்கக் கூடாது என்பதல்ல. 2018 நவம்பர் 5ஆம் திகதி மார்செய் நகரின் ஒபாஞ் வீதியில் பழுதடைந்த வீடுகள் இடிந்து வீழ்ந்து எட்டுப் பேர் இறந்தனர். அபாயம் பற்றிய எச்சரிக்கைகள் முன்னரே இருந்தன. தேவையற்ற இடத்தில் இடிக்கும் அவசரமும், தேவையான இடத்தில் திருத்தாத அலட்சியமும் ஒரே மனோபாவத்தின் இரு பக்கங்கள். இரண்டிலும் அங்கே வாழ்பவரின் சொல் எடுபடுவதில்லை.

கொழும்பில் எதிர்த்திசை

பாரிஸ் கட்டி, வெறுத்து, இடித்த அதே வகையைக் கொழும்பு இன்று கட்டிக்கொண்டிருக்கிறது என்பது எமக்கு நெருக்கமான விடயம். 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் படையினரின் பிரசன்னத்துடன் இடிக்கப்பட்டன. தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் 70,000 குடும்பங்கள் அளவில் அகற்றி, வனாத்தமுல்லை, தெமட்டகொடை போன்ற பகுதிகளில் தொடர்மாடிகளில் குடியேற்றுவது திட்டம். இக்குடும்பங்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்கள ஏழைகளும் கலந்தே உள்ளனர். விடுபடும் நிலம் நகரின் மிக விலையுயர்ந்த நிலங்களில் ஒன்று. 1852ஆம் ஆண்டின் கணக்கு மீண்டும் வருகிறது.

இதே கொழும்பில் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம், அதன் அரசியல் நோக்கங்கள் எவையாயினும், மக்களை இருந்த இடத்திலேயே வைத்து, சிறு கடனும் நீரும் வடிகாலும் கொடுத்து, வீட்டை அவர்களே திருத்தும் வழியைக் கையாண்டது. ஆகவே இடிப்பைத் தவிர வேறு வழி அங்கு அறியப்படாதிருந்தது என்று கூற முடியாது. தெரிந்த வழியொன்று கைவிடப்பட்டது என்பதே சரி.

இறுதியாக

ஒரு கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி எமது நகரசபையிலிருந்து வரும்போது நாம் கேட்கக் கூடிய கேள்விகள் எளியவை. திருத்தும் செலவு எவ்வளவு என்று கணக்கிட்டார்களா, அக்கணக்கைக் குடியிருப்போருக்குக் காட்டினார்களா? கடைசியாகப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கப்பட்டது எப்போது? ஒப்பந்தத்தில் பெயரில்லாதோர் எத்தனை பேர், அவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? வெறுமையாகும் நிலம் எவருக்கு, என்ன விலைக்கு? இவற்றைக் கேட்கும் வாடகையாளர் சங்கங்கள் பல புறநகர்களில் உள்ளன. துலூசின் மிராய்ல் குடியிருப்பில் அண்மைய ஆண்டுகளில் குடியிருப்போரும் கட்டடக் கலைஞரும் சேர்ந்து இடிப்பை எதிர்த்து வருகின்றனர். இத்தகைய கூட்டங்களில் மக்ரெப், ஆபிரிக்க அயலவர்களைக் காணலாம். தமிழரைக் காண்பது அரிது. மொழி தெரியாமை ஒரு காரணம்தான். ஆனால் கட்டடத்தோடு அயலவரையும் சேர்த்தே குற்றவாளியாகப் பார்க்கும் எமது பார்வை அதைவிடப் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். இதுபற்றி மாற்றுக் கருத்துடையோர் எழுத வேண்டும்.